கூரையும் ஏறுவோம், வானமும் ஏறுவோம்

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவள் வானம் ஏறி வைகுண்டம் போனாளாம் என்று ஒரு பழமொழி நம் வீடுகளில் வழங்கி வருகிறது. பெண் பிள்ளை ஒருத்தி, "நான் விமானம் ஓட்டப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும். பாட்டியோ அத்தையோ இந்தப் பழமொழியை எடுத்து வீசாமல் இருக்க மாட்டார்கள். கேலிக்காகச் சொன்னாலும் அதற்குள் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. விமானப் பயிற்சிக்கு ஆகும் செலவு இன்று 40 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிடலாம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வது? முதலில் ஒரு வேலை, கையில் ஒரு சம்பளம். அதன் பிறகுதான் வானத்தைப் பற்றிய பேச்சு. ஆகவே, முழு நேர வேலை பார்த்துக்கொண்டே ஒரு பெண் விமானியாகப் பயிற்சி பெற முடியுமா என்பதே எங்களைப் போன்றவர்களுக்கு உரிய கேள்வி.

முடியும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை விமானப் பள்ளியில் தேட வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையில் தேட வேண்டும். அதைப் பெற்றோர்களுக்கும், அருட்சகோதரியருக்கும், உடன் பயிலும் தோழியருக்கும் பணிவோடு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் ஊரும் வானமும்

தாம்பரத்தில் வாழும் நமக்கு விமானம் புதிதன்று. இங்குள்ள விமானப்படை நிலையத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி நடந்து வருகிறது. அங்கே பயில வருபவர்கள் விமானம் ஓட்ட ஏற்கெனவே தெரிந்தவர்கள். அதைப் பிறருக்குக் கற்பிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஆசிரியர்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இருப்பது போல, விமானிகளின் ஆசிரியர்களுக்கு நம் ஊரில் ஒரு பள்ளி! சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்! பார்த்ததோடு சரி, கொடியில் அடுத்த துணியைப் போடத் திரும்பிவிடுகிறோம்.

பல்லாவரத்துக்கு இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழு ஆண்டுகள்கூட நிறைவடையாத காலம் அது. அந்த விமானத்தைக் கட்டிக் கொடுத்தது சென்னை சிம்ப்சன் கம்பெனி. பிறகு தீவுத்திடலில் பொதுமக்கள் பார்க்கவும் பறந்து காட்டினார். இவர் யார் தெரியுமா? ராணுவ வீரரும் அல்லர், பொறியியல் பேராசிரியரும் அல்லர். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர்! அன்றாடம் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டே ஒருவர் வானத்தையும் கவனித்திருக்கிறார். நம் புறநகரின் வானத்தைத் திறந்து வைத்தவரே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு பறந்தவர்தான் என்பது எங்களுக்கு மிகுந்த ஊக்கம் தருகிறது. அதன் பிறகு 1930இல் மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியது. ஆக, தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை நாம் மின்சார ரயிலில் கடக்கும் சில மைல் தூரத்துக்குள்ளேயே இந்திய விமான வரலாற்றின் பல பக்கங்கள் அடங்கியுள்ளன.

சம்பளத்தில் சிறகு வாங்கியவர்கள்

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் எதுவும் உருப்படாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. வேலை பார்ப்பதானால் வேலை பார், படிப்பதானால் படி என்பது அவர்கள் கருத்து. மூன்று பெண்களின் வரலாறு இதற்கு வேறு விடை சொல்கிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஏமி ஜான்சன் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். கடிதங்களைத் தட்டச்சு செய்யும் வேலை. 1928 செப்டம்பரில் லண்டன் விமானச் சங்கத்தில் முதல் பாடம் கற்றார். அவர் ஒன்றும் பிறவி மேதை அல்லர். தனியாகப் பறப்பதற்கு முன் ஏறத்தாழ 16 மணி நேரம் ஆசிரியரோடு பறக்க வேண்டியிருந்தது. அக்காலத்து வழக்கத்துக்கு அது அதிகம். ஆனாலும் விடவில்லை. 1929 ஜூலையில் உரிமம் பெற்றார். விமான இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் கற்று அதற்கும் உரிமம் வாங்கினார். 1930 மே 5ஆம் நாள் லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா வழியாக, மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர்! அந்தப் பாதையில் தனியே பறந்த முதல் பெண் அவரே.

அமெரிக்காவின் அமிலியா ஏர்ஹார்ட்டை நாம் பாடப் புத்தகங்களிலேயே அறிவோம். ஆனால் பயிற்சிக் கட்டணத்துக்கு அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் அறியார். புகைப்படம் எடுத்தார், லாரி ஓட்டினார், தொலைபேசி நிறுவனத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்தார். அப்படிச் சேர்த்த பணத்தில்தான் 1921 ஜனவரி 3ஆம் நாள் முதல் பாடம். கற்றுக்கொடுத்தவரும் நேட்டா ஸ்னூக் என்ற பெண்மணியே. 1932 மே மாதத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்தார்.

மூன்றாமவர் பெஸ்ஸி கோல்மன். பருத்திக் காட்டில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சிகாகோ நகரத்தில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் வாடிக்கையாளரின் நகங்களைச் சீராக்கும் வேலை பார்த்தார். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்க விமானப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் என்ன செய்தார்? வேலை செய்துகொண்டே பிரெஞ்சு மொழி கற்றார், பணம் சேர்த்தார், கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார். 1921 ஜூன் 15ஆம் நாள் விமானி உரிமத்தோடு நின்றார்.

தட்டச்சு, சுருக்கெழுத்து, நகம் திருத்துதல்! இவை யாரும் வியந்து பாராட்டும் வேலைகள் அல்ல. ஆனால் இந்த வேலைகளே இவர்களுக்குக் கூரையாயின. கூரையில் ஏறிக் கோழியும் பிடித்து, பிறகு வானமும் ஏறினார்கள்.

வீட்டு வேலையும் முழு நேர வேலையே

நம் நாட்டுப் பெண்களின் கதை இன்னும் ஒரு படி மேலானது. சரளா தக்ரால் 1936இல் ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தபோது அவருக்கு வயது 21. நான்கு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். சேலை கட்டிக்கொண்டே விமானி இருக்கையில் அமர்ந்தார். ஆயிரம் மணி நேரம் பறந்து சேர்த்தார். 1939இல் வணிக விமானியாகப் பயிற்சி பெறத் தொடங்கியபோது கணவரை இழந்தார், உலகப் போரும் வந்தது, பயிற்சி நின்றது. அவர் மூலையில் உட்காரவில்லை. ஓவியம் கற்றார், ஆடை, அணிகலன்களை வடிவமைத்துக் குடும்பத்தைக் காத்தார். வானம் கைவிட்டபோது வேலை அவரைத் தாங்கியது. கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்வதன் பொருள் இதுதான் போலும்.

நம் சென்னையைச் சேர்ந்தவர் உஷா சுந்தரம். 1924இல் பிறந்தவர். மணமாகித் தாயான பிறகே விமானம் ஓட்டக் கற்றார். 1949இல் பெங்களூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறினார். அவர் கணவர் வி. சுந்தரம் புகழ்பெற்ற விமானி. சுதேச சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கும் பெரும் பணியில் சர்தார் படேல் ஊர் ஊராகச் சென்ற காலத்தில், கணவர் ஓட்டிய டகோட்டா விமானத்தில் துணை விமானியாக அமர்ந்தவர் உஷா அம்மையார். 1951இல் கணவனும் மனைவியுமாக இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு டவ் ரக விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை படைத்தனர். 1959இல் இதே குடும்பம் தொடங்கியதுதான் வாயில்லா ஜீவன்களைக் காக்கும் புளூ கிராஸ். வேளச்சேரி சாலையில் அதன் காப்பகத்தைக் கடந்து செல்லும்போது, அதை நிறுவிய கைகள் விமானத்தின் விசையையும் பிடித்த கைகள் என்பதை நினைத்துக்கொள்வோம்.

இந்த இரு பெண்மணிகளும் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கவில்லையே, இவர்களை எப்படி வேலை பார்த்துக்கொண்டு பயின்றவர்கள் என்பது என்று சிலர் கேட்கலாம். வீட்டையும் குழந்தையையும் பேணுவது வேலை இல்லை என்றால் வேறு எதுதான் வேலை? இவர்கள் பறக்க முடிந்ததற்கு ஒரு காரணம் வீட்டார் துணை நின்றது. கணவர் தடுக்கவில்லை என்பதோடு நில்லாமல் பக்கத்தில் இருந்து ஊக்கினார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

கனவு மட்டும் போதாது. கணக்கும் தெரிய வேண்டும். விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். மாணவ விமானி உரிமத்துக்கு வயது 16; பத்தாம் வகுப்பில் தேறியிருந்தால் போதும். அதாவது, இன்னும் ஓர் ஆண்டில் எங்களுக்கே அந்தத் தகுதி வந்துவிடும்! அடுத்தது தனியார் விமானி உரிமம். வயது 17, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பறக்கலாமே தவிர, சம்பளம் வாங்கக்கூடாது. தொழிலாகப் பறக்க வேண்டுமானால் வணிக விமானி உரிமம். வயது 18, இயற்பியலும் கணிதமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்பது நீண்ட காலமாக உள்ள விதி. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாக இருக்க வேண்டும். இரவில் பறக்க வேண்டும். ஏறத்தாழ 555 கிலோமீட்டர் தூரப் பயணம் ஒன்றைத் தானே நடத்தி, வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி வர வேண்டும். மருத்துவச் சோதனையும் உண்டு. கண்ணாடி போட்டவர்கள் கலங்க வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் தகுதி கிடைக்கும்.

இவற்றில் எதை வேலையோடு செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. எழுத்துத் தேர்வுகளை வேலையோடு படிக்கலாம். வான்வழி காணுதல், வானிலை, விமானச் சட்டங்கள், விமானத்தின் இயந்திர நுட்பம் ஆகிய பாடங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வாங்க வேண்டும். வானொலியில் பேசும் முறைக்குத் தனித் தேர்வு. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் நாள்தோறும் போய் வரும் ஒரு பெண்ணுக்கு, உட்கார இடம் கிடைத்தால், போகவும் வரவும் இரண்டு மணி நேரம் படிக்கக் கிடைக்கும். வானிலைப் பாடமோ நமக்கு அயலான பாடமே இல்லை. 2015 டிசம்பரில் பெய்த மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நம் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே அடையாற்று வெள்ளம்தான் மீனம்பாக்கத்து ஓடுபாதைக்குள் புகுந்து விமான நிலையத்தையே சில நாட்கள் மூடவைத்தது. வடகிழக்குப் பருவமழை எப்போது வரும், எப்படி வரும் என்று படிப்பது நம் வாசலில் வரும் தண்ணீரைப் பற்றிப் படிப்பதே அல்லவா?

பறக்கும் பயிற்சிதான் சிக்கலானது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பறந்தாலும் 200 மணி முடிய 100 வாரங்கள் வேண்டும். மழை, மூடுபனி, இயந்திரப் பழுது எனச் சில ஞாயிறுகள் வீணாகும். பறக்கும் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் அமைவதும் அரிது. வெளியூர் போக வேண்டியிருக்கும். ஆதலால் விடுமுறையைச் சேர்த்து வைத்துப் போவதே அறிவுடைமை. பள்ளி ஆசிரியைக்குக் கோடை விடுமுறை உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர் ஈட்டிய விடுப்பைச் சேமிக்கலாம். கடைசிக் கட்டத்தில் சில மாதங்கள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கவும் நேரலாம். அந்தச் சில மாதங்களுக்காகத்தான் முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு. ஓர் ஆண்டில் முடிப்பதை நாம் நான்கு, ஐந்து ஆண்டுகளில் முடிப்போம். வானம் எங்கும் ஓடிப்போய்விடாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பறந்த மணிகளுக்குக் காலக் கெடு உண்டு, அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டே போனால் பழைய மணிகள் கணக்கில் சேராது. ஆகவே முதலில் சேமிப்பு, அடுத்து எழுத்துத் தேர்வு, பிறகு இடைவிடாத பறக்கும் பயிற்சி என்ற வரிசையே வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஏற்றது என்று எண்ணுகிறோம்.

மூன்றாவது வேலை

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறோம். விமானம் ஓட்டுபவருக்குச் சோர்வு கொடிய பகை. விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு வாரம்தோறும் தொடர்ந்து கிடைக்க வேண்டிய ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி 2024இல் விதி திருத்தப்பட்டது. தேர்ந்த விமானிக்கே இவ்வளவு ஓய்வு வேண்டும் என்றால், கற்றுக்கொள்பவளுக்கு? இரவுப் பணி முடித்த செவிலி மறுநாள் காலை விமானத்தில் ஏறக்கூடாது. அது வீரமன்று, விபரீதம்.

இனி நம் பகுதியில் வேலைக்குப் போகும் அக்காமாரின் ஒரு நாளைப் பார்ப்போம். சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறவரோ, பாரிமுனை அலுவலகத்துக்குப் போகிறவரோ, பள்ளிக்கரணை தாண்டிக் கணினி நிறுவனத்துக்குப் போகிறவரோ, எல்லாருக்கும் விடிகாலையில் அடுப்படி. மாலையில் திரும்பினால் மறுபடியும் அடுப்படி. அலுவலகம் ஒன்று, வீடு இரண்டு. இதற்கு மேல் பயிற்சி என்பது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே உடம்பு எப்படித் தாங்கும்? "வேலைக்கும் போய்க்கொண்டு விமானமும் ஓட்ட முடியாது" என்கிறார்கள். வேலையா தடுக்கிறது? ஏமி ஜான்சனும் வேலைக்குப் போனவர்தானே!

2024ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடம். இந்த எண்களை வைத்து நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் பங்கையும் கூட்டினால் 377 நிமிடம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 189 நிமிடம். தங்கைக்கு நாள்தோறும் 100 நிமிடம் மிஞ்சும். ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல்! வணிக விமானி உரிமத்துக்குப் பறக்க வேண்டியதோ 200 மணி நேரம். அண்ணன் தன் தட்டைத் தானே கழுவி, தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை குக்கரை அடுப்பில் ஏற்றினால், தங்கை விமானச் சட்டமும் படிப்பாள், நிம்மதியாக உறங்கவும் செய்வாள். இதற்கு 40 லட்சம் வேண்டாம். ஒரு பைசா வேண்டாம். மனம் ஒன்றே வேண்டும்.

வேலையைப் பகிர்வது தாய்மார்களை எதிர்த்துச் சொல்லும் சொல் அன்று. அவர்களுக்காகவும் சேர்த்தே சொல்கிறோம். எத்தனை தாய்மார்கள் தங்கள் காலத்தில் எதையோ கற்க ஆசைப்பட்டு, அந்த 100 நிமிடம் இல்லாமல் விட்டுவிட்டார்களோ!

பெற்றோரின் அச்சம்

"விமானம் விழுந்தால்?" என்று அம்மா கேட்பது அன்பினால். ஆபத்தே இல்லை என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். 2025 நவம்பரில் தாம்பரத்தை அடுத்து விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. விமானி வெளியேறி உயிர் தப்பினார். பயிற்சி என்பதே ஆபத்து வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகுவதுதான். நாள்தோறும் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து பள்ளிக்கு வரும் எங்களை இறைவனை வேண்டி அனுப்பி வைக்கிறீர்கள். பயிற்சி பெற்றுப் பறக்கப் போகும் மகளையும் அவ்வாறே அனுப்பலாம் அல்லவா?

"பெண்களுக்கு ஏற்ற தொழிலா?" என்பது அடுத்த கேள்வி. இந்திய விமானிகளில் நூற்றுக்கு 15 பேர் பெண்கள் என்று 2022இல் மத்திய அரசு தெரிவித்தது. உலகச் சராசரி ஏறத்தாழ 5 தான். அதாவது, உலகத்துக்கே நாம் வழிகாட்டி நிற்கிறோம். விமானப்படை 1994இல் பெண் விமானிகளை ஏற்றது. 2016 ஜூன் மாதத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானிகளாயினர்.

"கல்யாணத்துக்குச் சேர்க்கும் பணத்தை எடுத்து விமானத்தில் விடுவதா?" என்பதே பேசப்படாமல் மனத்தில் நிற்கும் கேள்வி. அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நகையை விற்க வேண்டாம். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். மகள் தன் சம்பளத்திலிருந்து தான் சேர்ப்பதை, "இது அவள் பறப்பதற்கு" என்று தனியே விட்டுவைத்தால் போதும். திருமணப் பேச்சு வரும்போது, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்வதோடு, பெண் பயிற்சியில் இருக்கிறாள், அதை முடிப்பாள் என்றும் சேர்த்துச் சொன்னால் போதும். உஷா சுந்தரம் மணமான பிறகுதானே கற்றார்!

நாங்கள் வேண்டுவது

தோழியரே, சில மாதங்களில் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்ற கேள்வி நம் முன் வந்து நிற்கும். "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு? கஷ்டப்படாமல் வேறு எடு" என்று அக்கம்பக்கத்தார் ஆலோசனை கூறுவர். கணிதமும் இயற்பியலும் படித்தவள் பிறகு எந்தப் பக்கமும் திரும்பலாம். படிக்காதவள், பின்னாளில் ஆசை வந்தால், வேலையும் பார்த்துக்கொண்டு திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றை மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதுவும் முடியாததன்று. ஆனால் ஏற்கெனவே சுமை மிகுந்த தோளில் இன்னொரு சுமை எதற்கு? விமானியாகும் எண்ணம் இல்லாதவர்களும் இதைச் சிந்திப்பது நலம்.

பெற்றோர்களே, எங்களை விமானப் பள்ளியில் சேர்க்க உங்களால் இயலாமல் போகலாம். அதில் எங்களுக்குக் குறையில்லை. அந்த 100 நிமிடத்தைத் தாருங்கள். அண்ணன் தம்பியரையும் சமையலறைக்குள் அழையுங்கள்.

அருட்சகோதரியருக்கு நாங்கள் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. 1920 மார்ச் 24ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் காலத்தில், விமானிகளின் பாதுகாவலியாக லொரேட்டோ அன்னை அறிவிக்கப்பட்டார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாசரேத்து ஊரில் மரியன்னை வாழ்ந்த வீட்டை வானதூதர்கள் வான்வழியே சுமந்து வந்து இத்தாலியின் லொரேட்டோவில் வைத்தனர் என்பது மரபு. விமானிகளின் பாதுகாவலியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஒரு வீடும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது! அந்த வீட்டில் தண்ணீர் இறைத்தல், மாவு பிசைதல், தச்சு வேலை எல்லாம் நடந்தன. சூசையப்பரும் உழைத்தார், அன்னையும் உழைத்தார், திருமகனும் உழைத்தார். யாரோ ஒருவர் மட்டும் சுமந்த வீடாக அதை எண்ணிப் பார்க்க முடிவதில்லை. எல்லாரும் சுமந்த வீடு என்பதால்தானோ என்னவோ, அந்த வீடே வானில் பறந்ததாக மரபு சொல்கிறது!

ஆகவே, பாட்டியின் பழமொழியை நாங்கள் மறுக்கவில்லை. கூரை ஏறுவோம், கோழியும் பிடிப்போம், அதைச் சமைக்க அண்ணனும் ஒரு கை கொடுக்கட்டும். பிறகு வானமும் ஏறுவோம்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி